புகையான் முட்டையில் வளரும் நண்பன்: அனாகிரஸ் குளவியை இனம் காண்பது எப்படி?

புகையான் தாக்கிய நெல் வயல் எப்படியிருக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வயலின் நடுவே வட்ட வட்டமாகப் பயிர் தீயில் புகைந்ததுபோல் காய்ந்து நிற்கும். 1973-74இல் கேரளத்தின் குட்டநாட்டுப் பகுதியில் இப்பூச்சி பெருகி உண்டாக்கிய சேதத்தை மூத்த உழவர்கள் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஆகவே, தூரின் அடியில் நாலு தத்துப்பூச்சிகளைக் கண்டவுடன் தெளிப்பானைத் தேடி ஓடுவது இயல்புதான். ஆனால் தெளிப்பானில் மருந்தை ஊற்றுவதற்கு முன்னால், ஒரு தூரை ஒடித்து, அதன் வெளி இலையுறையை உரித்துப் பார்க்கும்படி இக்கட்டுரையில் உங்களைக் கேட்டுக்கொள்ளப் போகிறேன். நான் கேட்பதற்கு ஒரு காரணம் உண்டு.

பல ஆண்டுகளுக்கு முன், இத்துறையில் நான் புதிதாகச் சேர்ந்திருந்த நேரம். உழவர் ஒருவர் நெற்குத்து ஒன்றை வேரோடு பிடுங்கி, ஈரச்சாக்கில் சுற்றிக்கொண்டு வந்தார். இலையுறையைப் பிரித்தேன். புகையான் முட்டைகள் வரிசையாக இருந்தன. பெரும்பாலானவை நல்ல ஆரஞ்சு நிறம். "முட்டை முற்றிவிட்டது, இரண்டொரு நாளில் பொரித்துவிடும், தாமதிக்காமல் மருந்து அடித்துவிடுங்கள்" என்று சொல்லி அனுப்பினேன். அவரும் போய் அடித்தார். மிச்சமிருந்த தூர்களைக் கண்ணாடிக் குழாயில் போட்டு, பஞ்சால் வாயை அடைத்து, மேசைமேல் வைத்தவன் அதை மறந்தே போனேன். ஒரு வாரம் கழித்து எடுத்துப் பார்த்தபோது, குழாயினுள் புகையான் குஞ்சுகள் விரல்விட்டு எண்ணும்படி இருந்தன. ஆனால் கண்ணாடியின் உட்புறமெங்கும் தூசு ஒட்டியதுபோல் ஏதோ ஊர்ந்துகொண்டிருந்தது. நுண்ணோக்கியில் வைத்த பிறகுதான் அவை அனாகிரஸ் குளவிகள் என்று தெரிந்தது. அந்த உழவரின் வயலில் புகையானைக் கொன்றுகொண்டிருந்த பூச்சியையே நான் மருந்தடித்துக் கொல்லச் சொல்லியிருக்கிறேன். அவர் செலவிட்ட பணத்தை நினைத்தால் இன்றும் உறுத்துகிறது.

தேவதைப் பூச்சி என்ற குளவி

ஆங்கிலத்தில் 'ஃபேரி ஃபிளை', அதாவது 'தேவதைப் பூச்சி' என்று ஒரு குடும்பத்தையே அழைக்கிறார்கள். ஃபிளை என்றால் ஈ என்று பொருளானாலும், இவை ஈக்கள் அல்ல. குளவி வகையைச் சேர்ந்தவை. இறக்கைகளின் ஓரத்தில் நீண்ட மெல்லிய மயிர்கள் இறகுபோல் வரிசையாக இருப்பதால் அப்பெயர் வந்தது. விஞ்ஞானிகள் இக்குடும்பத்தை 'மைமாரிடே' என்பர். உலகெங்கும் சுமார் 100 பேரினங்களும் 1,400 சிற்றினங்களும் இதில் அறியப்பட்டுள்ளன. உலகிலேயே மிகச் சிறிய பூச்சியும் இக்குடும்பத்தில்தான் உள்ளது. அமெரிக்காவில் கண்டறியப்பட்டு 1997இல் விவரிக்கப்பட்ட அந்தக் குளவியின் ஆணுக்கு நீளம் 0.139 மி.மீ.; அதற்கு இறக்கையும் இல்லை, கண்ணும் இல்லை.

இக்குடும்பத்துக் குளவிகள் மற்றப் பூச்சிகளின் முட்டைக்குள் தம் முட்டையை இட்டு வளர்கின்றன. மனிதரைக் கொட்டுவதில்லை. பயிரைத் தொடுவதும் இல்லை. நம் நெல் வயலில் இவற்றுள் முக்கியமானது 'அனாகிரஸ்' என்னும் பேரினம். இதன் உடல் நீளம் பெரும்பாலும் அரை மில்லிமீட்டர் அளவே. ஒரு நெல்மணியின் நீளத்தில் பத்துப் பதினைந்து குளவிகளை வரிசையாக நிறுத்திவிடலாம்.

புகையான் தன் முட்டைகளை வெளியில் வைப்பதில்லை என்பதை நீங்கள் அறிவீர்கள். முட்டையிடும் உறுப்பால் இலையுறையைக் கீறி, திசுவுக்குள் வாழைப்பழ வடிவில் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள முட்டைகளைச் சீப்புப் போல அடுக்கி வைக்கும். முட்டைகளின் நுனி மட்டும் மேலே தெரியும். அனாகிரஸ் பெண்குளவி தூரின் மேல் நடந்து, உணர்கொம்புகளால் தட்டித் தட்டி, இந்த நுனிகளைத் தேடும். கண்டதும் தன் மெல்லிய ஊசி போன்ற உறுப்பைச் செலுத்தி உள்ளே முட்டையிடும். அதிலிருந்து வரும் புழு, புகையான் முட்டையின் சத்தைத் தின்று, அந்த ஓட்டுக்குள்ளேயே கூண்டுப்புழுவாகி, குளவியாக வெளிவரும். ஒரு புகையான் முட்டையில் ஒரு குளவிதான் வளரும். குளவியின் ஆயுள் சில நாட்களே. அந்தச் சில நாட்களுக்குள் அது எத்தனை முட்டைகளைத் தேடிப் பிடிக்கிறதோ அத்தனை புகையான் குறையும்.

முட்டையின் நிறத்தைப் படியுங்கள்

குளவியை வெறுங்கண்ணால் இனம் காண முடியாது. அதன் வேலையைக் கண்டுபிடிக்க முடியும். அதற்குப் பத்து மடங்கு பெரிதாக்கும் கைக்கண்ணாடி ஒன்று போதும்.

புகையான் இருக்கும் வயலில் நாலைந்து இடங்களில் குத்துக்கு ஒரு தூர் வீதம் ஒடித்தெடுங்கள். நீர்மட்டத்துக்குச் சற்று மேலுள்ள இலையுறையில் பழுப்பு நிறத்தில் சிறு கீறல்கள் தெரிந்தால் அங்கேதான் முட்டைகள் இருக்கும். குண்டூசியால் கீறலை மெதுவாகப் பிளந்து, முட்டைகளை வெளிச்சத்தில் பாருங்கள்.

புதிதாக இட்ட நல்ல முட்டை வெண்மையாக, கண்ணாடி போலிருக்கும். அது முற்றும்போது நுனிப் பக்கத்தில் இரண்டு சிவப்புப் புள்ளிகள் தோன்றும். அவை உள்ளிருக்கும் குஞ்சின் கண்கள். இவ்விரண்டு புள்ளிகளைக் கண்டால் பொரிக்கும் காலம் நெருங்கிவிட்டது என்று கொள்ளலாம். அனாகிரஸ் புகுந்த முட்டையில் இப்படிப் புள்ளியாக இராது. முட்டை முழுவதுமே ஆரஞ்சு அல்லது சிவந்த நிறமாக மாறிவிடும். உள்ளேயுள்ள புழுவின் நிறம் அது. பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தால் அந்தப் புழு முட்டைக்குள் அசைவதையும் காணலாம். நான் அன்று செய்த தவறு, சிவப்பு என்ற ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு, அது புள்ளியா, முழு நிறமா என்று பாராமல் விட்டதுதான்.

காலக்கணக்கும் உதவும். நல்ல புகையான் முட்டை 7 முதல் 9 நாட்களில் பொரித்துவிடும். குளவி வெளிவர அதைவிடச் சில நாட்கள் கூடுதலாகும். ஆகவே ஒரே வரிசையில் சில முட்டைகள் பொரித்து வெறும் ஓடாகச் சுருங்கியிருக்க, மற்றவை இன்னும் ஆரஞ்சு நிறத்தில் நின்றால், நின்றவை குளவிக்கு உரியவை. குளவி வெளிவந்த முட்டையில் ஊசியால் குத்தியதுபோல் வட்டமான துளை ஒன்று இருக்கும்.

குளவியையே பார்க்க விரும்பினால்

விரும்புவோர் வீட்டிலேயே குளவியைப் பிடிக்கலாம். பள்ளி செல்லும் பிள்ளைகளிடம் இவ்வேலையை விட்டால் நம்மைவிட நன்றாகவே செய்வார்கள். ஒரு தகர டப்பா அல்லது அட்டைப்பெட்டியில் சிறு துளையிட்டு, அதில் கண்ணாடிக் குழாய் ஒன்றை வாய் உள்நோக்கியிருக்குமாறு செருகுங்கள். முட்டையுள்ள தூர்களை, அடியை ஈரப்பஞ்சால் சுற்றி, பெட்டிக்குள் வைத்து, வெளிச்சம் புகாதபடி மூடிவிடுங்கள். வெளிவரும் குளவிகள் வெளிச்சத்தை நாடிக் குழாய்க்குள் வந்து சேரும். தூர்கள் காயாமலும் பூசணம் பூக்காமலும் பார்த்துக்கொள்வதுதான் கஷ்டம்.

மற்றொரு முறை, மஞ்சள் நிறத் தட்டில் நீர் ஊற்றி, சில துளி சோப்புக் கரைசல் விட்டு, வரப்போரம் காலையில் வைத்து மாலையில் எடுப்பது. இதில் விழுபவற்றை மெல்லிய துணியில் வடிகட்டினால் இச்சிறு குளவிகள் கிடைக்கும். ஆனால் தட்டில் எல்லாம் விழும். அதில் கண்ட குளவி எந்தப் பூச்சியின் முட்டையிலிருந்து வந்தது என்பது தெரியாது. முட்டையிலிருந்து வளர்த்தெடுத்த ஒரு குளவி, தட்டில் விழுந்த நூறு குளவிகளைவிட அதிகம் சொல்லும்.

காலையும் கொம்பையும் எண்ணி இனம் பிரித்தல்

கிடைத்த குளவி அனாகிரஸ்தானா என்பதை உறுதி செய்ய நுண்ணோக்கி வேண்டும். குளவியைக் கண்ணாடிச் சில்லில் கனடா பால்சம் என்னும் பிசினில் பதித்துப் பார்க்கிறோம். எதைப் பார்க்கிறோம் என்பதை நீங்களும் தெரிந்துகொள்ளலாம்.

முதலில் பாதத்தை எண்ண வேண்டும். நெல்லில் தத்துப்பூச்சிகளின் முட்டையைத் தாக்கும் 'ஒலிகோசிட்டா' என்ற மற்றொரு சிறு குளவியும் உண்டு. அது டிரைக்கோகிரம்மா குடும்பத்தைச் சேர்ந்தது. அதன் இறக்கையிலும் ஓரமயிர் நீளமாக இருப்பதால் தேவதைப் பூச்சி என்று ஏமாந்துவிடலாம். ஆனால் டிரைக்கோகிரம்மா குடும்பத்துக்குப் பாதத்தில் மூன்றே கணுக்கள். தேவதைப் பூச்சிக்கு நான்கு அல்லது ஐந்து. இன்னொரு அடையாளம் முகத்தில் இருக்கிறது. தேவதைப் பூச்சியின் முகத்தில் கண்களின் உள்ளோரமாகவும் உணர்கொம்புகளுக்கு மேலாகவும் கறுத்த பட்டைகள் ஓடி, ஆங்கில எழுத்து 'எச்' போலத் தெரியும். இதைக் கண்டுவிட்டால் குடும்பத்தைப் பற்றி ஐயமே வேண்டாம்.

அடுத்து, குடும்பத்துக்குள் பேரினம் எது? அனாகிரஸுக்குப் பாதக்கணு நான்கு. பெண்ணின் உணர்கொம்பில் ஒன்பது கணுக்கள்; கடைசிக் கணு பருத்துக் கதாயுதம் போலிருக்கும். ஆணின் கொம்பு நூல் போல் நீண்டு பதின்மூன்று கணுக்களோடிருக்கும். உடல் பொதுவாக மஞ்சளோ வெளிர் பழுப்போ ஆகும். குளவி என்றால் எறும்புபோல் இடுப்பு சுருங்கியிருக்கும் என்று எதிர்பார்ப்போம். அனாகிரஸுக்கு அப்படி இடுப்பு கிடையாது, மார்பும் வயிறும் அகலமாகவே சேர்ந்திருக்கும்.

இதனோடு ஒப்பிட வேண்டியது 'கொனாட்டோசீரஸ்' இனம். இது பெரும்பாலும் பச்சைத் தத்துப்பூச்சியின் முட்டையில் வளர்வது. துங்ரோ நோயைப் பரப்பும் பூச்சியாதலால், அதன் முட்டையை அழிக்கும் இதுவும் நமக்கு வேண்டியதே. இதற்குப் பாதக்கணு ஐந்து. பெண்ணின் கொம்பில் பதினொரு கணுக்கள். பெரும்பாலும் கறுத்த நிறம். இடுப்புச் சுருக்கம் தெரியும். நெல் வயலில் அபூர்வமாக 'மைமார்' என்ற இனமும் கிடைக்கும். அதன் முன்னிறக்கை நீண்ட காம்பும் நுனியில் கரண்டியுமாக இருக்கும். இலங்கையில் கிடைத்த சிற்றினம் ஒன்றுக்கு 1875இல் அத்தீவின் பழம்பெயரை வைத்து 'மைமார் டாப்ரோபானிக்கம்' என்று பெயரிட்டனர். ஒருமுறை பார்த்தவர் அந்த இறக்கையை மறக்கமாட்டார்.

பேரினம் வரை இப்படி எண்ணிச் சொல்லிவிடலாம். சிற்றினத்துக்குப் போகும்போதுதான் வேலை கடினமாகிறது. அனாகிரஸில் பெண்ணின் உணர்கொம்புக் கணுக்களின் மேல் நீளவாட்டில் உள்ள நுண்ணிய உணர்வு வரிகளை எண்ணுகிறோம். கொம்பின் கடைசிக் கணுவில் மூன்று வரியிருந்தால் ஒரு தொகுதி, ஐந்திருந்தால் வேறு தொகுதி. பிறகு முன்னிறக்கை மயிர்களையும் முட்டையிடும் உறுப்பின் நீளத்தையும் அளந்து முடிவு செய்ய வேண்டும்.

பெயரில் என்ன இருக்கிறது?

"பூச்சியைக் கொன்றால் சரி, பெயர் எதுவானால் என்ன?" என்று கேட்கலாம். ஹவாய்த் தீவுகளின் கரும்புத் தோட்டங்களில் 1900 வாக்கில் ஒரு தத்துப்பூச்சி தோன்றிப் பெருஞ்சேதம் விளைவித்தது. பெர்கின்ஸ், கோபெல் என்ற இரு பூச்சியியலாளர்கள் 1904இல் ஆஸ்திரேலியா சென்று, அங்கே அதே பூச்சி ஏன் பெருகவில்லை என்று தேடினர். முட்டையைத் தின்னும் குளவிகளே காரணம் என்று கண்டு, அவற்றைக் கப்பலில் கொண்டுவந்து விட்டனர். அவற்றுள் முக்கியமான ஒன்றுக்குப் பெர்கின்ஸ் 'பாரனாகிரஸ் ஆப்டாபிலிஸ்' என்று பெயர் வைத்தார். இன்று அது அனாகிரஸ் பேரினத்துக்குள்ளேயே அடங்குகிறது. ஆசிய நெல் வயல்களில் தத்துப்பூச்சி முட்டைகளிலிருந்து எடுக்கப்படும் குளவிகளில் இதுவும் ஒன்று. அன்றைக்குச் சரியான பூச்சியைச் சரியான முட்டையிலிருந்து எடுத்திராவிட்டால் கப்பல் செலவு வீணாகியிருக்கும்.

கலிபோர்னியாவின் திராட்சைத் தோட்டக் கதை வேறு மாதிரியானது. அங்கே திராட்சைத் தத்துப்பூச்சியின் முட்டையை அழித்துவந்த குளவி, குளிர்காலத்தில் திராட்சையில் முட்டையே இல்லாதபோது, ஆற்றோரக் காட்டுச் செடிகளிலுள்ள வேறொரு தத்துப்பூச்சியின் முட்டையில் பிழைத்திருக்கிறது என்று 1960களில் கண்டுபிடித்தனர். பின்னர் தோட்டத்தருகே பிளம்ஸ் வகை மரங்களையும் நட்டு, அவற்றில் குளவி தங்க வழி செய்தனர். அப்போது 'அனாகிரஸ் எபோஸ்' என்ற ஒரே பெயரில் அழைக்கப்பட்ட அக்குளவி, உண்மையில் ஒன்றுபோலத் தோன்றும் பல சிற்றினங்கள் என்பது 1990களில் வகைப்பாட்டாளர்கள் கூர்ந்து ஆராய்ந்தபோது தெரிந்தது. எந்தச் செடியில் தங்கும் குளவி எந்தப் பூச்சியைத் தாக்கும் என்பதை ஒவ்வொரு சிற்றினத்துக்கும் தனித்தனியே பார்க்க வேண்டியதாயிற்று.

நம் நாட்டில் 1983இல் சுப்பாராவும் ஹயாத்தும் கீழைநாட்டுத் தேவதைப் பூச்சிப் பேரினங்களைப் பிரித்தறியும் அட்டவணையை வெளியிட்டனர். சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகப் பூச்சியியலாளர்களும் இக்குடும்பத்தை ஆராய்ந்து வந்துள்ளனர். வகைப்பாடு நின்றுவிட்ட கலையல்ல. மேலே சொன்ன கொனாட்டோசீரஸையே 2015இல் ஹூபர் என்ற கனடா நாட்டு அறிஞர் பல பேரினங்களாகப் பிரித்துவிட்டார். பழைய புத்தகங்களில் கொனாட்டோசீரஸ் என்றிருப்பது புதிய நூல்களில் 'லைமனான்' என்றும் வேறு பெயர்களிலும் காணப்படும். பெயர் மாறியதேயன்றிப் பூச்சி மாறவில்லை, குழம்ப வேண்டாம்.

வயலில் செய்யக்கூடியவை

அனாகிரஸைக் கடையிலோ ஒட்டுண்ணி நிலையத்திலோ வாங்க முடியாது. பலர் டிரைக்கோகிரம்மா அட்டையைக் கட்டிவிட்டுப் புகையான் குறையவில்லை என்கிறார்கள். அந்த அட்டை தண்டுத்துளைப்பான், இலைச்சுருட்டுப் புழு ஆகியவற்றின் அந்துப்பூச்சிகள் இடும் முட்டைகளுக்கானது; தத்துப்பூச்சிக்கு உதவாது. டிரைக்கோகிரம்மாவைத் தானிய அந்துப்பூச்சியின் முட்டையில் ஆயிரக்கணக்கில் மலிவாக வளர்க்கலாம். அனாகிரஸுக்கோ பயிரின் திசுவுக்குள் வைத்த முட்டையே வேண்டும். ஆகவே வயலில் இயற்கையாக உள்ளதைக் காப்பாற்றுவதே வழி.

மருந்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். செயற்கைப் பைரித்ராய்டு மருந்துகளை நெல்லில் அடித்தால் புகையான் குறைவதற்குப் பதிலாகப் பின்னர் பெருகுவது நன்கு அறியப்பட்ட செய்தி. இயற்கை எதிரிகள் அழிவது இதற்கு ஒரு காரணம். இந்தோனேசிய அரசு 1986இல் நெல்லுக்கு 57 வகைப் பூச்சிமருந்துகளைத் தடை செய்தது இந்த அனுபவத்தால்தான். தூருக்கு ஒரு புகையான் என்ற அளவு வரும்வரை மருந்து வேண்டியதில்லை. குத்துக்கு ஒரு சிலந்தி வீதம் இருந்தால் தூருக்கு இரண்டு வரை பொறுக்கலாம். அளவு இதற்குக் கீழிருந்து, முட்டைகளில் பெரும்பாலானவை ஆரஞ்சு நிறமாகவும் இருந்தால், நான்கைந்து நாள் பொறுத்து மறுபடி பாருங்கள். அளவைத் தாண்டிவிட்டால் குளவியை நம்பி உட்கார்ந்திருப்பது விவேகமல்ல. நீரை வடித்துவிட்டு, பரிந்துரைக்கப்பட்ட மருந்தைத் தூரின் அடிப்பாகத்தில் படும்படி தெளிக்கத்தான் வேண்டும். தொடக்க நிலையில் 5 சத வேப்பங்கொட்டைச் சாறே நல்லது. எட்டடிக்கு ஓரடி பட்டம் விட்டு நடுவதும், தழைச்சத்தை அளவோடு பிரித்து இடுவதும் நீங்கள் முன்பே கேட்டவைதாம்.

அறுவடைக்குப் பின் நெல்லே இல்லாத நாட்களில் அனாகிரஸ் எங்கே இருக்கும்? வரப்பிலும் வாய்க்கால் ஓரத்திலும் உள்ள புற்களில் பயிருக்குத் தீங்கு செய்யாத வேறு தத்துப்பூச்சிகள் முட்டையிடும். அம்முட்டைகளில் அது காலம் தள்ளும். ஆகவே எல்லா வரப்பையும் ஒரே நாளில் செதுக்கித் தீயிடும் பழக்கத்தை விட்டு, பகுதி பகுதியாகச் செதுக்குவது நல்லது.

குளவிக்கு உணவு பூந்தேன். சீன ஆராய்ச்சியாளர்கள் எள் பூவின் தேன் கிடைத்தால் அனாகிரஸ் கூடுதல் நாள் வாழ்ந்து, கூடுதல் முட்டைகளை அழிப்பதைக் கண்டனர். சீனா, தாய்லாந்து, வியட்நாம் ஆகிய நாடுகளில் வரப்பில் பூச்செடிகள் வளர்த்துச் செய்த சோதனைகளின் முடிவு 2016இல் வெளியாயிற்று. பூச்சிமருந்து அடிப்பது 70 சதம் குறைந்தது. விளைச்சல் 5 சதம் கூடிற்று. வரப்பில் உளுந்தும் தட்டைப்பயறும் ஊன்றும் பழக்கம் நம்மிடம் ஏற்கெனவே உண்டு. அத்துடன் உயரமான வரப்புகளில் எள்ளையும் விதைத்துப் பாருங்கள். எள்ளுக்கு வேரில் நீர் தேங்கினால் ஆகாது என்பதால் தாழ்ந்த வரப்பு உதவாது. நெல் தூர்கட்டும் பருவத்தில் பூ இருக்குமாறு முன்கூட்டி விதைப்பது அவசியம்.

உங்கள் வயலில் வளர்த்தெடுத்த குளவியை இனம் காண விரும்பினால், சிறு கண்ணாடிப் புட்டியில் ஆல்கஹால் ஊற்றி, அதில் குளவிகளை இட்டு, அருகிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்திலோ வேளாண் கல்லூரியின் பூச்சியியல் துறையிலோ கொடுங்கள். பஞ்சு வைக்காதீர்கள், குளவி அதில் சிக்கி இறக்கை ஒடியும். ஊர், நாள், நெல் ரகம், எந்தப் பூச்சியின் முட்டையிலிருந்து வந்தது ஆகியவற்றைச் சிறு தாளில் எழுதிப் புட்டிக்குள்ளேயே போடுங்கள். பென்சிலால் எழுதுங்கள், பேனா மை ஆல்கஹாலில் கரைந்துவிடும்.